உற்றவர் சொல்லும் உடனிருப்பவர் சொல்லும்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டுகின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தை உடனிருந்து கொடுப்பவன் என்பன அந்நான்கு. இவ்வரிசையில் நோயுற்றவனுக்கு முதலிடம் வழங்கப்பட்டிருத்தல் ஊன்றி நோக்கத்தக்கது. மருத்துவம் என்பது மருத்துவனிடம் தொடங்கி மருந்தோடு முடிந்துவிடும் செயலன்று. நோயுற்றவனும் உடனிருப்பவனும் அச்செயலின் புறத்தே நின்று பார்ப்பவர் அல்லர். அதன் உறுப்பாகவே அமைந்தவர்.

பெரிய வைத்தியசாலைகள் எழுந்த காலத்தில் இந்த முறைமை மெல்ல மெல்ல மறக்கப்பட்டது. கட்டில்கள் எவ்வாறு போடப்பட வேண்டும், நோயாளர் எத்தனை மணிக்குத் துயில் எழுப்பப்பட வேண்டும், உறவினர் எந்த நாளில் எந்த நேரத்தில் உள்ளே வரலாம் என்பனவற்றையெல்லாம் மருத்துவரும் நிருவாகிகளும் கூடி முடிவு செய்தனர். நோயாளர் அம்முடிவுகளுக்கு அடங்கி நடப்பவராயினர். உறவினருக்குப் 'பார்வையாளர்' என்னும் புதுப் பெயர் கிடைத்தது. வீட்டிலே இரவு பகலாகப் பணிவிடை செய்த தாய், வைத்தியசாலை வாயிலைத் தாண்டியதும், மணியடித்தவுடன் வெளியேற வேண்டியவள் ஆனாள்.

இன்று பல நாடுகளில் இந்நிலை மாறி வருகின்றது. மருத்துவ சேவையை எவ்வாறு ஒழுங்கு செய்யலாம் என ஆராய்வோர், நோயாளரையும் அவர்தம் குடும்பத்தாரையும் அந்த ஆராய்ச்சியிற் பங்காளராகச் சேர்த்துக்கொள்கின்றனர். இதனை வெறும் மரியாதை எனக் கருதுவோர் உளர். வேலையைத் தாமதப்படுத்தும் வீண் சடங்கெனக் கருதுவோரும் உளர். இவ்விரு கருத்தும் பொருந்துவன அல்ல. நோயாளரும் வீட்டாரும் அறிந்துள்ள ஒரு பகுதி, மருத்துவரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றது. அதனைக் கேட்டறியாது அமைக்கப்படும் சேவை, எத்துணை நல்லெண்ணத்தோடு அமைக்கப்பட்டதாயினும், தவறிவிடக் கூடும். இதனை விளக்குதற்கு இங்கிலாந்து தேசத்துப் பிள்ளைகள் விடுதிகளின் வரலாறு மிகப் பொருத்தமான சான்றாகும்.

1949 ஆம் ஆண்டில் 'ஸ்பெக்டேற்றர்' என்னும் வார இதழ், இலண்டன் மாநகரத்து வைத்தியசாலைகள் சிலவற்றில் நோயுற்ற பிள்ளைகளைப் பெற்றோர் பார்ப்பதற்கு விதிக்கப்பட்டிருந்த நேரங்களை வெளியிட்டது. ஒரு வைத்தியசாலையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி தொடக்கம் நான்கு மணி வரையும் பார்க்கலாம். மற்றொன்றிற் புதன்கிழமை மட்டும் ஒன்றரை மணி நேரம் பார்க்கலாம். வேறொன்றில், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோர் ஒரு தடுப்பின் ஊடாகப் பார்க்கலாமேயன்றி அணுகுதல் கூடாது. இன்னொன்றில் முதல் ஒரு மாதத்திற்குப் பிள்ளையைச் சந்தித்தலே கூடாது. ஆயினும் மாலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே, பிள்ளை உறங்கிக் கொண்டிருக்கும்போது, எட்டி நின்று பார்த்துச் செல்லலாம். முற்றாகவே அனுமதி மறுத்த வைத்தியசாலையும் இருந்தது.

இவ்விதிகளை வகுத்தோர் கொடியவர் அல்லர். அவர்கள் இரண்டு காரணங்களைக் கூறினர். முதலாவது, தொற்று. அம்மையும் கக்குவானும் தொண்டைக் கரப்பானும் பிள்ளைகளைக் கொள்ளை கொண்ட காலத்தில், வெளியார் வருகை நோயைக் கொண்டுவரும் என்று அஞ்சியது இயல்பே. இரண்டாவது காரணம் பிள்ளைகளின் அமைதி. சேர்க்கப்பட்ட பிள்ளை முதற் சில நாள் அழுது அரற்றும், பின்னர் அடங்கிவிடும். பெற்றோர் வந்து செல்லும் நாளிலோ, அடங்கியிருந்த பிள்ளை மீண்டும் கதறும். இதனைத் தாதிமார் கிழமைதோறும் தம் கண்ணாரக் கண்டனர். ஆகவே பெற்றோர் வருகையே பிள்ளையைக் கலக்குகின்றது, வராதிருத்தலே பிள்ளைக்கு நன்று என்னும் முடிவுக்கு வந்தனர். கண்ட காட்சி உண்மையே. அதிலிருந்து கொண்ட முடிவுதான் பிழை. ஆனால் அது பிழையென்று விடுதிக்குள் இருந்தவாறே அறிதற்கு வழியில்லை.

தாய்மாரை உள்ளே அனுமதித்த ஒரு சிலரும் அக்காலத்தில் இருந்தனர். நியூகாசில் நகரத்தில் சேர் யேம்ஸ் ஸ்பென்ஸ் என்னும் குழந்தை மருத்துவர், 1920களிலேயே குழந்தைகள் வைத்தியசாலையில் தாயும் சேயும் ஒருங்கே தங்குதற்கு அறைகள் அமைத்தார். தாயே தன் குழந்தையைப் பராமரித்தாள். தாதி அவளுக்குத் துணையாய் நின்றாள். நியூசிலாந்திற் பிக்கெரில் தம்பதியர் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் இருவர், 1940களில், தாய்மாரையே தத்தம் குழந்தைகளுக்குத் தாதியராக்கினர். ஒருவர் கை பல குழந்தைகளைத் தீண்டாமையால் தொற்று பரவாது தடுக்கப்பட்டது. தொற்றுக்கு அஞ்சித் தாயை வெளியே நிறுத்திய காலத்தில், தொற்றைத் தடுக்கவே தாயை உள்ளே அழைத்தவர் இவர்கள். எனினும் இவர்தம் வழியைப் பின்பற்றியோர் மிகச் சிலரே.

இந்த நிலையில் யேம்ஸ் றொபேட்சன் என்பவர் தோன்றினார். ஸ்கொத்லாந்தின் தொழிலாளர் குடும்பமொன்றில் 1911 ஆம் ஆண்டிற் பிறந்தவர் அவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், குடும்பத்தைப் பிரிந்த குழந்தைகளுக்காக அன்னா பிராய்ட் அம்மையார் இலண்டனில் நடத்திய இல்லத்தில் அவரும் அவர் மனைவி யொய்சும் பணியாற்றினர். கொதிகலனைக் கவனிப்பதும் பழுது பார்ப்பதும் தீ எழாமற் காவல் புரிவதும் றொபேட்சனுக்கு விதிக்கப்பட்ட வேலைகள். அந்த இல்லத்தில் அம்மையார் ஓர் ஒழுங்கை வைத்திருந்தார். பணிபுரிவோர் யாவராயினும், எவ்வித பயிற்சியும் பெறாதவராயினும், குழந்தைகளிடம் தாம் கண்டவற்றைச் சிறு அட்டைகளில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். அவ்வட்டைகள் பின்னர் ஒருங்கே வைத்து ஆராயப்பட்டன. கொதிகலன் காப்பவர் கண்டதும் மருத்துவர் கண்டதும் ஒரே மேசையில் இடம் பெற்றன. உற்று நோக்குதற்குப் பட்டம் வேண்டியதில்லை, கண் வேண்டும் என்னும் பாடத்தை றொபேட்சன் அங்கேயே கற்றார்.

போர் முடிந்தபின் அவர் சமூக சேவைத் துறையிற் பயிற்சி பெற்று, 1948 ஆம் ஆண்டில், டாவிஸ்டொக் மருத்துவ நிலையத்தில் ஜோன் போல்பி என்னும் உளமருத்துவரின் ஆராய்ச்சிக் குழுவிற் சேர்ந்தார். பிள்ளைகள் விடுதிகளில் அமர்ந்து, அங்கு நடப்பனவற்றை உள்ளபடி எழுதுவதே அவருடைய பணி. தாயைப் பிரிந்த இளம் பிள்ளைகள் மூன்று நிலைகளைக் கடந்து செல்வதை அவர் கண்டார். முதலில் அழுதும் கதறியும் எதிர்ப்பர். அடுத்து நம்பிக்கை இழந்து ஒடுங்குவர். இறுதியில், தாயையே நாடாதவர் போல விலகிவிடுவர். இரண்டாம் நிலையையும் மூன்றாம் நிலையையும் விடுதியார் 'பிள்ளை பழகிவிட்டது' என்று கொண்டனர். எந்தப் பிள்ளை மிக நல்ல பிள்ளையென்று பாராட்டப்பட்டதோ, அந்தப் பிள்ளையே மிகுந்த துயரத்தில் ஆழ்ந்திருக்கக் கூடும் என்று றொபேட்சன் உணர்ந்தார்.

அவர் சொன்னதை மருத்துவ உலகம் ஏற்கவில்லை. ஆகவே அவர் தாமே ஒரு படப்பிடிப்புக் கருவியைக் கையிலெடுத்து, 1951 ஆம் ஆண்டில், இரண்டரை வயது நிரம்பாத சிறுமி ஒருத்தியைப் படமாக்கினார். தொப்புளின் அருகே ஏற்பட்ட குடலிறக்கத்திற்குச் சத்திரசிகிச்சை பெற வந்த அவள், எட்டு நாள் விடுதியில் இருந்தாள். வேண்டுமென்றே அழும் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார் என்று எவரும் கூறாதபடி, காத்திருப்போர் பட்டியலிலிருந்து குறிப்பின்றி அவள் தெரிவு செய்யப்பட்டாள். அழும் நேரத்தை மட்டும் பொறுக்கிப் படமாக்கினார் என்று கூறாதபடி, நாள்தோறும் குறித்த வேளைகளிலேயே படம் எடுக்கப்பட்டது. சுவர்க் கடிகாரமும் அதற்குச் சான்றாகப் படத்தில் இடம் பெற்றது. தன்னை அடக்கிக்கொள்ளும் இயல்பினளாகிய அச்சிறுமி பெரிதாகக் கதறவில்லை. இடையிடையே தாயைக் கேட்டாள், பொம்மையைத் தழுவிக்கொண்டாள், நாட்கள் செல்லச் செல்ல முகம் வாடினாள். வீடு திரும்பும் நாளில் தன் பொருள்களையெல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டு புறப்பட்டவள், தாய் நீட்டிய கையைப் பற்ற மறுத்தாள்.

1952 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இலண்டன் அரச மருத்துவக் கழகத்தில், இந்தப் படம் மருத்துவர்க்கும் தாதியர்க்கும் காட்டப்பட்டது. சபையிற் சினம் மூண்டது. இந்தப் பிள்ளை வழமைக்கு மாறானது என்றனர் சிலர். தம் தொழிலுக்கு இழுக்கு நேர்ந்ததென்றும் குரல்கள் எழுந்தன. எனினும் கண்டதை மறக்க இயலாதவர்களும் இருந்தனர். அமர்ஷம் என்னும் ஊரின் வைத்தியசாலையிற் கடமையாற்றிய டெர்மொட் மக்கார்த்தி என்னும் குழந்தை மருத்துவர் அவர்களுள் ஒருவர். முதலிற் சினந்த அவர், பின்னர்த் தம் விடுதிக்குச் சென்று பிள்ளைகளைப் புதுக் கண்கொண்டு நோக்கினார். படம் காட்டியது தம் விடுதியிலும் நிகழ்வதை உணர்ந்து, தாய்மாரைப் பிள்ளைகளோடு தங்க அனுமதித்தார். 1958 ஆம் ஆண்டில் றொபேட்சன் வெளியிட்ட இரண்டாவது படம் அந்த விடுதியிலேயே எடுக்கப்பட்டது. அதில் வரும் சிறுமி தாயோடு தங்குகின்றாள். நோவையும் அச்சத்தையும் தாயின் மடியிலேயே கடந்து செல்கின்றாள்.

இங்கே எழும் வினா ஒன்றுண்டு. அறிவும் அனுபவமும் கருணையும் வாய்ந்த மருத்துவரும் தாதியரும் ஆண்டுக்கணக்காக ஒன்றைக் காணத் தவறியது எதனால்? விடை எளியது. விடுதியின் பார்வை விடுதி வாயிலோடு முடிகின்றது. பிள்ளை அமைதியாக வீடு செல்வதைத் தாதி கண்டாள். வீட்டுக்குச் சென்ற பிள்ளை இரவிலே அலறி எழுவதையும், தாயின் சேலையை விடாது பற்றித் திரிவதையும், காரணமின்றித் தாய்மீது சீறுவதையும், விட்டொழித்த படுக்கையில் நனைக்கும் பழக்கம் மீண்டும் தொடங்குவதையும் அவள் கண்டிலள். அவற்றைக் கண்டவள் தாய். ஆகவே அந்தச் சேவையின் முழுப் பயனை அறிந்திருந்தவளும் அவளே. ஆனால் அவளை எவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஏற்ற இடமும் இருக்கவில்லை.

1956 ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் சார்பில் சேர் ஹரி பிளாற் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. எலும்பு மூட்டுச் சத்திரசிகிச்சையில் வல்லவரான பிளாற், தாமே சிறு வயதில் முழங்காலிற் காசநோய் கண்டு நெடுநாள் வருந்தியவர். 1959 ஆம் ஆண்டில் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, பெற்றோர் தம் பிள்ளைகளைத் தடையின்றிப் பார்க்க வேண்டும் என்றது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு தாய் தங்குதற்கு இடமளித்தல் வேண்டும் என்றது. பிள்ளைகளை வயது வந்தோர் விடுதிகளிற் சேர்த்தல் ஆகாது என்றும், விளையாட்டிற்கும் கல்விக்கும் வழி செய்தல் வேண்டும் என்றும் கூறியது. இவை உட்பட 55 விதப்புரைகளை முன்வைத்த அவ்வறிக்கையை அரசாங்கமும் ஏற்றுக்கொண்டது.

கதை இங்கே முடிந்திருக்குமாயின், நிபுணர் ஆராய்ந்தனர், அரசாங்கம் ஏற்றது, குறை தீர்ந்தது என்று கூறி அமையலாம். ஆனால் குறை தீர்ந்திலது. அறிக்கை அலுமாரியில் இருந்தது. விடுதி வாயில்களிற் பழைய நேர அட்டவணைகளே தொங்கின. இந்த வேளையில் றொபேட்சன் மருத்துவ சபைகளை விட்டுப் பொதுமக்களை நோக்கித் திரும்பினார். 1961 ஆம் ஆண்டில் 'ஒப்சேவர்' பத்திரிகையிற் கட்டுரைகள் எழுதினார். பீ. பீ. சீ. தொலைக்காட்சியில் தம் படங்களின் பகுதிகளைக் காட்டிப் பேசினார். பெற்றோர் தத்தம் அனுபவங்களை எழுதியனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றை ஆராய்ந்து, பெற்றோர் கண்கொண்டு வைத்தியசாலையைக் காட்டும் நூலொன்றை 1962 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒலிபரப்பும் பத்திரிகையும் மக்களுக்கு அறிவுறுத்தும் கருவிகளாக மாத்திரம் நின்றுவிடாமல், மக்கள் அறிந்திருந்ததைத் திரட்டும் கருவிகளாகவும் பயன்பட்டமை இங்கே குறிப்பிடத்தக்கது.

அதே 1961 ஆம் ஆண்டில், இலண்டன் பற்றர்சீப் பகுதியைச் சேர்ந்த இளந் தாய்மார் சிலர் ஒன்றுகூடி, வைத்தியசாலைப் பிள்ளைகளுக்குத் தாய்ப் பராமரிப்பு வேண்டும் எனக் கோரும் ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தனர். அவர்கள் ஆர்ப்பரித்து ஊர்வலம் போகவில்லை. தத்தம் வட்டாரத்து வைத்தியசாலைகளை விசாரித்து, எங்கே எவ்வளவு நேரம் அனுமதி, எங்கே தாய் தங்கலாம் என்பவற்றைத் தொகுத்தனர். காகிதத்தில் இருந்த விதிக்கும் விடுதியில் நடந்த நடைமுறைக்கும் உள்ள இடைவெளியைத் தகவல்களோடு எடுத்துக் காட்டினர். நாளடைவில் அது நாடளாவிய சங்கமாக வளர்ந்தது. மருத்துவரும் தாதியரும் அதிற் சேர்ந்துகொண்டனர். முறையிட வந்தவராகக் கருதப்பட்ட பெற்றோர், ஆராய்வோராகவும் ஆலோசகராகவும் உயர்ந்தனர்.

பின்னர், 1988 ஆம் ஆண்டில், ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் இத்தகைய சங்கங்கள் ஒல்லாந்தின் லெய்டன் நகரிற் கூடி, வைத்தியசாலையிலுள்ள பிள்ளைகளின் உரிமைகளைப் பத்து உறுப்புகளாக வகுத்து வெளியிட்டன. இன்று இங்கிலாந்தின் பிள்ளைகள் விடுதிகளிற் கட்டிலின் அருகே தாயோ தந்தையோ இரவு தங்குதல் இயல்பான ஒழுங்காகும். ஸ்பென்ஸ் அறை அமைத்த நாளிலிருந்து இந்த ஒழுங்கு பொதுவாவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அந்த இடைக்காலத்திற் சுவரைப் பார்த்துக் கிடந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைக் கணக்கிட இயலாது. தாய்மாரை முன்னரே கேட்டிருப்பின் அக்காலம் குறுகியிருக்கும் என்று எண்ணுதல் தகும்.

இந்த வரலாறு தந்த பாடம் பிள்ளைகள் விடுதிக்கு மட்டும் உரியதன்று. மூட்டுவாத நோயை எடுத்துக்கொள்ளலாம். அந்நோய்க்குரிய மருந்துகளைச் சோதிக்கும் ஆராய்ச்சியாளர், வீங்கிய மூட்டுகளை எண்ணினர், நோவை அளந்தனர், இரத்தத்தைச் சோதித்தனர். அளவு முறைகளை வகுக்கும் பன்னாட்டு அறிஞர் மாநாடு 2002 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிற் கூடியபோது, நோயாளரும் பங்குபற்ற அழைக்கப்பட்டனர். தங்களைப் பெரிதும் வருத்துவனவற்றுள் தீராத களைப்பும் ஒன்று என்று அவர்கள் கூறினர். ஓய்வெடுத்தாலும் நீங்காத, காலையில் எழும்போதே உடலை அழுத்தும் அக்களைப்பு, ஆராய்ச்சியாளரின் அளவைப் பட்டியலில் இருக்கவில்லை. பின்னர் நடந்த ஆய்வுகள் அவர்கள் கூற்றை உறுதி செய்ய, மருந்துச் சோதனைகளிற் களைப்பையும் அளத்தல் வேண்டும் என்று 2007 ஆம் ஆண்டில் விதந்துரைக்கப்பட்டது. 'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்' என்னும் பழமொழி அறிஞர் மாநாட்டிலும் பொய்க்கவில்லை.

சேவையை அமைப்பதில் நோயாளரைச் சேர்த்துக்கொள்ளுதற்குத் தெளிவான வழிமுறைகளும் இப்போது உருவாகியுள்ளன. இங்கிலாந்தின் லூற்றன் நகர வைத்தியசாலையில், தலையிலும் கழுத்திலும் புற்றுநோய் கண்டோருக்கான சேவையைச் சீர்செய்ய 2005 ஆம் ஆண்டளவில் மேற்கொள்ளப்பட்ட முயற்சி இதற்கு எடுத்துக்காட்டாகும். போல் பேற், கிளென் றொபேட் என்னும் ஆய்வாளர் அதற்கு வழிகாட்டினர். நோயாளர் தம் அனுபவத்தை முதல் நாளிலிருந்து இறுதி வரை கதையாகச் சொல்ல, அது படமாகப் பதிவு செய்யப்பட்டது. மருத்துவரும் தாதியரும் பிற ஊழியரும் தம் அனுபவங்களையும் தனியே கூறினர். பின்னர் இரு சாராரும் ஓரிடத்தில் அமர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தனர். எந்த இடத்தில் அச்சம் எழுந்தது, எந்த இடத்தில் ஆறுதல் பிறந்தது என்று குறித்துக்கொண்டு, சிறு குழுக்களாகப் பிரிந்து, மாற்ற வேண்டியவற்றை ஒருங்கே வகுத்தனர். றொபேட்சனின் படம் முதலில் மருத்துவரும் தாதியரும் கூடிய சபையிற் காட்டப்பட்டது. இங்கோ, படத்தில் உள்ளவரே பார்ப்பவரோடு அமர்ந்திருந்தனர். இந்த வேறுபாடு சிறியதன்று. முன்னது குற்றம் சாட்டியதாகத் தோன்றிற்று. பின்னது கூடி உழைக்க அழைத்தது.

எனினும், நோயாளரைக் கூப்பிட்டு ஒரு கதிரையில் அமர்த்திய அளவிற் கடமை முடிந்துவிடாது. அமெரிக்கப் பெண்மணியாகிய ஷெரி ஆர்ன்ஸ்ரைன் 1969 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றிற் பொதுமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளுள்ள ஓர் ஏணிக்கு ஒப்பிட்டார். அடிப்படியில் மக்கள் ஏமாற்றப்படுகின்றனர். இடைப்படிகளில் அவர்களுக்குச் செய்தி கூறப்படுகின்றது, அவர்கள் கருத்துக் கேட்கப்படுகின்றது. ஆயினும் முடிவு முன்னரே எடுக்கப்பட்டுவிடுகின்றது. மேற்படிகளிலேயே முடிவெடுக்கும் அதிகாரம் பகிரப்படுகின்றது. கட்டடம் எழுந்தபின் சுவருக்கு எந்த நிறம் பூசலாம் என்று கேட்பது கேட்டல் ஆகாது. எதனை ஆராய வேண்டும் என்று தீர்மானிக்கும் முதல் நாளிலேயே கேட்டல் வேண்டும். வந்தவருக்குப் பயணச் செலவும் நாட்கூலி இழப்பும் ஈடு செய்யப்பட வேண்டும். இன்றேல் வசதி படைத்தோரே வருவர். அவர்கள் சொன்னதில் எது ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்பதும் அவர்களுக்குத் திரும்ப அறிவிக்கப்பட வேண்டும். விடை பெறாத வினாவும் பயன் அறியாத உழைப்பும் அடுத்த முறை வாயை அடைத்துவிடும்.

இன்னும் சில எச்சரிக்கைகள் உண்டு. சபையில் நன்றாகப் பேசும் ஒருவர் எல்லா நோயாளர்க்கும் பிரதிநிதியாகார். எழுத்தறியாதவர், வேற்றுமொழி பேசுவோர், நெடுந்தொலைவிலிருந்து வருவோர், மனநோயால் ஒதுக்கப்பட்டோர் ஆகியோரின் அனுபவமே பெரும்பாலும் சேவையின் குறைகளை நன்கு காட்டும். அவர்களைத் தேடிச் சென்று கேட்டல் வேண்டும். குடும்பத்தார் சொல்லும் நோயாளர் சொல்லும் எப்போதும் ஒன்றாயிருக்கும் என்பதுமில்லை. முதிய தந்தைக்கு எது நல்லதென்று மகன் கூறுவது வேறு. தந்தை விரும்புவது வேறாயிருக்கலாம். இருவரையும் தனித்தனியே கேட்டலே முறை. அன்றியும், நோயாளரின் அனுபவ அறிவு மருத்துவரின் நூலறிவுக்கு மாற்றாக வருவதன்று. எந்த மருந்து எந்த நோயைத் தீர்க்கும் என்பதைச் சோதனையே காட்ட வேண்டும். அந்த மருந்தை உண்பவர் வாழ்வு எவ்வாறிருக்கின்றது என்பதை உண்பவரே கூற வேண்டும்.

1978 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், அன்றைய சோவியத் நாட்டின் அல்மா ஆற்றா நகரிற் கூடிய ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு மாநாடு வெளியிட்ட பிரகடனம், தங்கள் சுகாதாரப் பராமரிப்பைத் திட்டமிடுவதிலும் நடைமுறைப்படுத்துவதிலும் தனித்தனியாகவும் கூட்டாகவும் பங்குகொள்ளுதல் மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று கூறிற்று. உரிமை என்பதோடு கடமை என்பதையும் அது சேர்த்துக் கூறியது சிந்தித்தற்குரியது. கேட்பது அதிகாரிகளின் பொறுப்பு. கேட்டபோது கண்டதைக் கண்டவாறு, மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் கூறுவது மக்களின் பொறுப்பு.

கீழைநாடுகளில் நோயாளரோடு உறவினர் ஒருவர் துணை நிற்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். கஞ்சி கொடுப்பதும், உடல் துடைப்பதும், இரவில் விழித்திருந்து தாதியை அழைப்பதும் அவர் செய்யும் பணிகள். இவ்வழக்கம் இருத்தலால் இங்கு இந்தச் சிக்கல் இல்லையென்று கூறிவிட முடியாது. கட்டிலருகே வாங்கில் இருக்க விடுவது ஒன்று. திட்டம் வகுக்கும் மேசையருகே இருக்கச் செய்வது மற்றொன்று. வாங்கில் இருந்து கண்டவற்றை மேசைக்குக் கொண்டுவருதற்கு ஒரு வழி அமையாதவரை, அந்த அறிவு வைத்தியசாலை வாயிலோடு வீட்டுக்குத் திரும்பிவிடுகின்றது.

எனவே, ஒரு விடுதியோ சிகிச்சை நிலையமோ புதிதாக அமைக்கப்படும்போதும், பழையது சீர்திருத்தப்படும்போதும் மூன்று வினாக்கள் கேட்கப்பட வேண்டும். இந்தச் சேவையைப் பெற்று வீடு திரும்பியவருக்கு அங்கே என்ன நேர்கின்றது? அதனைக் கண்டவர் யார்? அவர் இந்த மேசையருகே இருக்கின்றாரா? மூன்றாவது வினாவுக்கு 'இல்லை' என்பதே விடையாயின், திட்டம் இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதே பொருள். உற்றவர் சொல்லும் உடனிருப்பவர் சொல்லும் சேரும்போதே மருத்துவத்தின் நான்கு கூறுகளும் நிறைவு பெறும்.